காரணம் எழுதும் இடம்

வேண்டாம் என்று சொல்லும்போது எங்கள் பல் டாக்டரம்மா நோயாளியின் தாடையிலிருந்து கையை எடுக்கமாட்டார். இடது கையின் கட்டைவிரல் கீழ்த்தாடையின் விளிம்பில் பதிந்திருக்கும். மற்ற விரல்கள் முகவாயைத் தாங்கியிருக்கும். அந்த நிலையிலேயே நோயாளியின் கண்ணைப் பார்த்து, "உங்களுக்கு இது வேணாம்" என்பார். சொல்லிவிட்டு மேலும் சில விநாடிகள் கையை அங்கேயே வைத்திருப்பார். மறுக்கப்பட்டவர் கைவிடப்படவில்லை என்பதை அந்தக் கை தெரிவித்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் அதைக் கவனித்ததோடு சரி.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவருடைய பல் மருத்துவமனை இருந்தது. இரண்டு அறைகள். உள்ளறையின் சன்னலோரத்தில் ஒரு நீளமான பலகை. அதன் மேல் நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்த சாந்து அச்சுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருப்பார். அது பெயராக இராது. 'மீன்கூடை', 'நாதஸ்வரம்', 'பஸ் கண்டக்டர்' என்று, அந்த வாய் என்ன வேலை செய்கிறதோ அதையே எழுதுவார். பல் செட் பொருத்தும்போதும் கடித்துப் பார்க்கச் சொல்வது அவருக்கு இரண்டாம்பட்சம். மீன் விற்கும் பெண்ணிடம், "உங்க தெருவுல எப்பிடி கூவுவீங்களோ அப்பிடிக் கூவுங்கம்மா" என்பார். அந்தப் பெண் முதலில் வெட்கப்பட்டுப் பிறகு மாடி அதிரக் கூவுவார். கீழே மருந்துக்கடையில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் உலோகவியல் படித்தவன். அங்குள்ள தொழிற்பேட்டையில், கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பொறுப்பாளனாக இருந்தேன். தொழிலாளர்களுக்காக நடந்த பல் மருத்துவ முகாம் ஒன்றில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். வேறு இடமில்லாததால் எங்கள் சோதனைக்கூடத்தையே அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். உயரம் குறைந்தவர், நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் வாயைப் பார்க்க, கம்பித் துண்டுகள் வைக்கும் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார்.

உலைக்கு முன்னால் வேலை செய்பவர்கள் புகைபிடிக்க முடியாது. ஆகையால் புகையிலைத் தூளைக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிக்கொள்வார்கள். எட்டு மணி நேரமும் அது அங்கேயே இருக்கும். அன்று வந்தவர்களில் பாதிப்பேர் நாற்காலியில் உட்காரும் முன் வெளியே ஓடி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்கள். அவர் ஒருவருடைய உதட்டை மடக்கிப் பார்த்ததுமே, "இன்னாணா, வூட்ட காலி பண்ணாலும் சொவுத்துல ஆணி அடிச்ச தடம் இருக்குமில்ல?" என்று கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்தார். ஆனால் தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் பொருத்தும் இம்ப்ளாண்ட் வைக்க வேண்டும் என்ற அவருடைய விருப்பத்துக்கு, புகையிலையை விட்டு ஆறு மாதம் கழித்து வரும்படி பதில் கிடைத்தது.

இடைவேளையில் அவர் என் மேசையின் மேலிருந்த நிராகரிப்புச் சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். தரத்தில் தேறாத கம்பிக் கட்டில் நாங்கள் கட்டிவிடும் சீட்டு அது.

"இதுல இன்னா சார், 'காரணம்'னு இவ்ளோ பெரிய எடம் வுட்டிருக்கீங்க?"

"வேண்டாம் என்று ஒதுக்குபவர்தான் அதற்குக் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இல்லையென்றால் ஒதுக்க அவருக்கு உரிமை இல்லை. இங்கே நான் வைத்த விதி."

"நல்லாக்கீதே" என்று அந்தச் சீட்டை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை அவரை மருத்துவமனையில் பார்த்தபோது, நோயாளிகளுக்கான அவருடைய அட்டைகளின் அடிப்பகுதியில் அதே அளவில் ஓர் இடம் விடப்பட்டு, 'காரணம்' என்று அச்சிடப்பட்டிருந்தது. மறுத்தவர்களுக்கெல்லாம் அதில் தமிழில், வந்தவர் தாமே படித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுப்பார்.

எங்கள் ஆலையில் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுபவர் ஒருவர் இருந்தார். அந்த வேலைக்கு இரண்டு கைகளும் வேண்டும். ஆகவே விசிலை முன்பற்களால் கவ்விக்கொள்ள வேண்டும். மேல்வரிசையின் இரண்டு முன்பற்கள் விழுந்துவிட, விசில் நழுவியது. வேலையை மாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் இம்ப்ளாண்ட் கேட்டு மருத்துவரிடம் போனார். சர்க்கரை நோய் உண்டு. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம்: ஆண்டுதோறும் ஆலையில் உடற்பரிசோதனை வரும்போது, இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு ரத்தம் கொடுப்பார்கள். அளவு சரியாகக் காட்டும். அவரும் அதையே செய்து அந்தக் காகிதத்துடன் மாடியேறினார்.

மருத்துவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு நாளா சாப்புடலதானே? வாய்ல நாத்தம் சொல்லுது நைனா. மூணு மாச சராசரி சர்க்கரைன்னு ஒரு டெஸ்ட் கீது, அத எடுத்துக்கினு வாங்க. மூணு மாசம் யாரும் பட்டினி கெடக்க முடியாது."

"பல்லு வெக்கத்தானே வந்தேன் டாக்டரம்மா, வேலைக்கா சேரப் போறேன்? இதுக்கும் பரீட்சையா?"

"வெக்கறது நானு. புடிச்சிக்கினு நிக்கப்போறது உங்க எலும்பு. அது பரீட்சைல பாசாவணும்."

ஏழு மாதம் கழித்து, அளவு உண்மையாகவே இறங்கிய பிறகு, அவருக்கு வைத்தார். அந்தக் கதையை ஆலையில் எல்லாரும் சொல்லிச் சிரித்தோம். பட்டினி கிடந்து பரிசோதனையை ஏமாற்றலாம் என்று நம்பும் மனிதர்களைப் பற்றி எனக்கு ஓர் எளிய ஏளனம் இருந்தது.

வயதைப் பற்றிய என் எண்ணத்தையும் அவர் மாற்றினார். அவருடைய சொந்த ஊரான பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு விவசாயி தம் மகனுடன் வந்திருந்தார். தந்தைக்கு எண்பது நெருங்கியிருக்கும். மகன் நாற்பதைத் தாண்டாதவர். இருவருக்கும் பல் வைப்பதாகத் திட்டம். தந்தையின் எலும்புப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வெக்கலாம் நைனா" என்றார். மகனின் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இப்ப வேணாம்" என்றார். ஈறு சீழ்பிடித்திருந்தது, புகைப்பழக்கமும் இருந்தது.

"இன்னா டாக்டரம்மா, கெழவருக்கு வெக்கலாம், எனக்கு ஆவாதா?"

"வயசப் பாத்தா நான் சொல்றேன்? எலும்பையும் ஈறையும் பாத்துச் சொல்றேன்."

கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். "எனக்குப் பல்லு மொளச்சா இவன் பொண்டாட்டிக்குத்தான் பேஜாரு. நாளைலேர்ந்து கறி நல்லா வேவலன்னு கேப்பேன்."

பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் தாய் அழுது கேட்டும் அவர் இணங்காததைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு முன்பல் போயிருந்தது. "வளர்ற எலும்புல திருகு வெச்சா, சுத்தி எலும்பு வளரும், அது மட்டும் அங்கியே நிக்கும்மா. நாலு வருசம் போவட்டும்" என்று சொல்லி, கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதன் நிறம் பொருந்தும்வரை அந்தப் பெண்ணை மூன்று முறை வரச்செய்தார். மறுத்த பிறகுதான் அவருடைய வேலை தொடங்கும். மறுக்கப்பட்டவர்களுக்கு அவர் செலவிட்ட நேரம், ஏற்கப்பட்டவர்களுக்குச் செலவிட்டதை விட அதிகம்.

என் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். மீஞ்சூரில் எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூவர் பகிர்ந்து வாசிப்பது வழக்கம். அதில் கதையைச் சொல்லிச் செல்பவரின் பங்கு மிக நீளமானது. பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பங்கு அவருடையது. கீழ்வரிசைப் பற்கள் எல்லாம் போய், பல் செட் வைத்த பிறகு, நீண்ட வாக்கியத்தின் நடுவில் அது மிதந்து எழும்பிவிடும். ஒரு முறை வாசிப்பின் இடையே கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அடுத்த ஆண்டு, தாமே பங்குத் தந்தையிடம் சொல்லி அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார். வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை. வேதாகமத்தை உரக்கப் படிப்பதையும் நிறுத்திவிட்டார்.

அவருடைய குரலைக் கேட்டே நான் அவரை மணந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

கீழ்த்தாடையில் இரண்டு திருகுகள் வைத்து அவற்றின் மேல் பல் செட்டை மாட்டிவிட்டால் அது அசையாது. திருகு டைட்டானியம். எலும்பு அந்த உலோகத்தை அந்நியமாகக் கருதாமல் அதன்மேல் படர்ந்து வளரும் என்பதை நான் மாணவனாக இருந்தபோதே படித்திருக்கிறேன். மருத்துவரிடம் மனைவியை அழைத்துச் சென்றபோது, பாதி விஷயத்தை நானே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மனைவியிடம், "டீச்சர், மாத்திரையெல்லாம் இன்னா சாப்புடறீங்க? ஊசி ஏதாவது?" என்று கேட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் வந்து, பின்னர் முதுகெலும்பிலும் தென்பட்டது. அது அடங்கியிருந்தது. எலும்பைக் காக்க மாதம் ஒருமுறை சென்னையில் நரம்பு வழியே ஒரு மருந்து ஏற்றினார்கள்.

அதைக் கேட்டதும் கட்டைவிரல் தாடையில் பதிந்தது. "உங்களுக்கு இது வேணாம் டீச்சர்."

"டைட்டானியம்…" என்று நான் தொடங்கினேன்.

"அது நல்ல பொருள்தான் சார். சிக்கல் அதுல இல்ல. பழைய எலும்பு கரைஞ்சாத்தான் புது எலும்பு வரும். அந்த ஊசி கரையவே வுடாது. முதுகுக்கு அது நல்லது, நிறுத்தவும் கூடாது. ஆனா தாடைல ஓட்ட போட்டா மூடாது. எலும்பு செத்து வெளிய தெரியும்." பிறகு மனைவியிடம், "செட்டையே நிக்க வெக்கறேன் டீச்சர். கொஞ்சம் நாளாவும். பைபிள எடுத்துக்கினு வாங்க" என்றார்.

காரணம் எழுதிய அட்டையை மனைவி படித்துப் பார்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி, போகட்டும்" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்ததா என்று இப்போது நினைவுகூர முயல்கிறேன். என் ஏமாற்றத்தைத்தான் நான் அறிவேன்.

வாரம் ஒருமுறை மின்சார ரயிலில் போனோம். மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார். மருத்துவர் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு சொல்லில் நிறுத்தி, செட்டைக் கழற்றி, ஒரு விளிம்பை மயிரிழை தேய்த்து, மறுபடி மாட்டுவார். ஆறு முறை போனோம். முன்னேற்றம் இருந்தது, ஆனால் மிகச் சிறிது. என் பொறுமை தீர்ந்தது.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு மனைவியை அழைத்துச் சென்றேன். அங்கே கொடுத்த படிவத்தை நானே நிரப்பினேன். இரத்த அழுத்த மாத்திரை, மார்பு அறுவை சிகிச்சை, அதற்கான தினசரி மாத்திரை எல்லாவற்றையும் ஆண்டுடன் எழுதினேன். ஊசியை எழுதவில்லை. படிவத்தை வாங்கிய இளம் மருத்துவர், "எலும்புக்கு ஊசி ஏதாவது போடுறாங்களா சார்?" என்று நேராகவே கேட்டார். "இல்லை" என்றேன். என் மனைவி அருகில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தவரைப் பற்றி நாங்கள் சிரித்தோம் என்று மேலே எழுதினேன்.

திருகுகள் நின்றன. அடுத்த குருத்து ஞாயிறன்று மனைவி தம் பழைய இடத்தில் நின்று வாசித்தார். அந்த வாசிப்பு மிக நன்றாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கோயிலில் பின்வரிசையில் நின்றவர்கள்கூட ஒரு சொல்லையும் இழக்கவில்லை. மகிழ்ச்சியோடு நான் அந்த மாடி மருத்துவமனையை நினைத்துக்கொண்டேன். அங்கிருந்தவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

நான்கு மாதத்தில் வலி தொடங்கியது. ஈறு பின்வாங்கி, திருகைச் சுற்றி மஞ்சளாக எலும்பு தெரிந்தது. சென்னைக்குப் போக மனைவி மறுத்துவிட்டார். "அங்க வேணாம். நம்ம டாக்டரம்மாகிட்ட போலாம்."

மாடிப்படியில் அவர் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். மருத்துவர் வாயைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கையை எடுக்காமலே கேட்டார்: "ஊசியப் பத்தி அங்க கேட்டாங்களா டீச்சர்?"

நான் வாயைத் திறக்கும் முன் மனைவி சொன்னார்: "கேட்டாங்க. நான்தான் சொல்ல வேணாம்னேன். இவரு சொல்றேன்னுதான் சொன்னாரு. நான் கேக்கல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். உப்புநீரை ஊசிக்குழலில் உறிஞ்சி எடுக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, வாயத் தொறங்க டீச்சர்" என்றார்.

திரும்பும் ரயிலில் மனைவியிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உங்கள அவங்க திட்டக்கூடாதுன்னு" என்றார். அத்திப்பட்டில் இறங்கவேண்டிய தொழிலாளி ஒருவர் எங்கள் எதிரில் தூங்கிக்கொண்டிருந்தார். மீஞ்சூர் வந்ததும் மனைவி அவரை எழுப்பி, அத்திப்பட்டு நெருங்குகிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

திருகுகளையும் இறந்த எலும்புத் துணுக்குகளையும் சென்னையின் அரசு மருத்துவமனையில் அகற்றினார்கள். புண்ணைக் கழுவும் வேலையை நம் மருத்துவர் ஏற்றுக்கொண்டார். ஏழு மாதம், வாரம் இருமுறை. 'நான் முன்னரே சொல்லியிருந்தேனே' என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அந்தக் கீழ்த்தாடையில் இனி எந்தப் பல் செட்டும் உட்காராது. ஆயினும் ஒரு நாள் கழுவி முடித்ததும், பழைய வழக்கப்படி, "படிங்க டீச்சர்" என்றார்.

மனைவி சிரித்தார். "பல்லே இல்லியே, எத சரி பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் சரி பண்ணல. கேக்கணும்னு கீது."

மனைவி பாடுகளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து வாசித்தார். சொற்கள் குழைந்தன, சில எனக்கே புரியவில்லை. வெளியறையில் காத்திருந்த ஆலைத் தொழிலாளர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மருத்துவர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை.

மனைவி அந்த ஆண்டு முடியும் முன் இறந்தார்.

நாற்பது நாள் கழித்து நான் மட்டும் மாடியேறினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். சொல்ல முடிந்தது ஒரு கேள்வி மட்டுமே: "அவள் இறந்ததற்கு அந்தத் தாடைப் புண் காரணமா?"

யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அவர் யோசித்தார். "சாவுக்கு அது காரணம் இல்ல சார். கேன்சர் வேற எடத்துல பரவிடுச்சி. வலிக்கு அதுதான் காரணம்."

பிறகு, "கீழ ஒரு கடவாப்பல்லு இல்லியே, எப்ப போச்சு?" என்று கேட்டு, என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். கட்டைவிரல் என் தாடையில் பதிந்தது. அப்படி அது என்மேல் பதிந்தது அதுவே முதல் முறை. படம் எடுத்துச் சன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல எலும்பு. சக்கர இல்ல, புகையில இல்ல. உங்களுக்குத் தாராளமா வெக்கலாம் சார்."

"வேண்டாம்" என்றேன்.

அவர் கையை எடுத்தார். புது அட்டை ஒன்றை எடுத்து, 'வைக்கலாம். அவர் வேண்டாம் என்கிறார்' என்று எழுதினார். காரணம் எழுதும் இடத்தைத் தொடாமல், பேனாவையும் அட்டையையும் என் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம்னு சொல்றவங்கதானே காரணம் எழுதணும்? உங்க விதிதான் சார்."

பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். "வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. அவசரம் இல்ல" என்றார்.

அதன் பிறகு சாலையை அகலப்படுத்த அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். அவர் பொதட்டூர்பேட்டைக்கே திரும்பிப் போய்விட்டார். அங்கே வாரத்தில் மூன்று நாள் நோயாளிகளைப் பார்ப்பதாகக் கேள்வி. அட்டை மனைவியின் வேதாகமத்துக்குள் ஆறு ஆண்டுகளாக இருந்தது. நாளை அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பதாக இருக்கிறேன். திருத்தணி வரை ரயில், பிறகு பேருந்து.

இன்று காலை அந்த இடத்தில் எழுதினேன்: 'ஊசி உண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னவன் நான். என் மனைவி அல்ல.' கீழே கையொப்பமிட்டேன்.